சம்பள ஸ்லிப்பில் இருக்கும் அம்பேத்கர்: தோல் ஷாப் தொழிலாளியின் பேசிக், டி.ஏ., இ.எஸ்.ஐ. எங்கிருந்து வந்தது?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மாசத்தோட முதல் வாரம் போய்ப் பாருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வர்றவங்க பேச்சு பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். சம்பளம் ஏறிடுச்சா? எவ்வளவு பிடிச்சிருக்காங்க? போன மாசத்தை விட ஏன் குறைஞ்சிருக்கு?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாத வாழ்க்கை அந்த ஒரு துண்டுச் சீட்டில்தான் அடங்கியிருக்கிறது. பேசிக் ஒரு வரி, டி.ஏ. ஒரு வரி, ஓவர்டைம் ஒரு வரி. அப்புறம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம்.

இந்த வரிகள் எதுவும் தானாக முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டமும் ஒரு வாக்குவாதமும் உண்டு. அதில் பல வரிகளைப் பின்தொடர்ந்து போனால் ஒரே மனிதரின் மேஜையில் போய் நிற்போம். அவர் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர்.

அரசியல் சாசனத்தை உருவாக்கியவர், சட்ட அமைச்சர், சாதி ஒழிப்புப் போராளி. இந்த அம்பேத்கரை எல்லோருக்கும் தெரியும். 1942 முதல் 1946 வரை நான்கு ஆண்டுகள் இந்தியாவின் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பார்ப்போம்.

ஒரே அறையில் படித்த பையன்

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் பீமராவ். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். மகர் சமூகம். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வேண்டும், தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்பதெல்லாம் சின்ன வயசிலேயே அனுபவித்தவர்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியில் ஒரே ஒரு அறை. எல்லோரும் தூங்கினால்தான் படிக்க இடம் கிடைக்கும். அதனால் முன்னிரவிலேயே தூங்கி, நடுராத்திரிக்கு மேல் அப்பா எழுப்பிவிட, விடியும் வரை படிப்பார். பிற்பாடு பேராசிரியராகி, வழக்கறிஞராகி, சட்டமன்ற உறுப்பினரான பிறகும் பல ஆண்டுகள் பரேலின் ஒண்டுக்குடித்தனக் குடியிருப்பில்தான் இருந்தார். மில் சங்கு ஊதும் நேரம், சம்பள நாள், கடன்காரர் வரும் நாள் எல்லாமே அவருக்கு வாசல்படியில் நடந்தவை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்தது பொருளாதாரம். அடுத்து லண்டன் பொருளாதாரக் கல்லூரி. 1923-ல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்திய ரூபாயின் மதிப்பு பற்றி அவர் எழுதிய ஆய்வு அதே ஆண்டு நூலாக வந்தது. பணத்தின் மதிப்பு இறங்கினால் கூலிக்காரன் கையில் இருக்கும் ரூபாய்க்கு என்ன ஆகும் என்பது அவருக்குப் பாடமாகவே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டி.ஏ. பற்றிப் பேசும்போது உதவும்.

சம்பளம் உண்டு, தண்ணீர் இல்லை

லண்டன் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917-ல் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பதவி. ஆனால் அலுவலக ப்யூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேஜை மீது வீசிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியில் இருந்து, சாதி தெரிந்ததும் விரட்டப்பட்டார். வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார்.

1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பொதுத் தண்ணீர்க் கூஜாவை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது.

படிப்பும் பதவியும் சம்பளமும் இருந்தும் வேலை செய்யும் இடத்தில் மனுஷனாக இருக்க முடியாது என்ற நிலையை அவர் நேரில் பார்த்துவிட்டார். சம்பளப் பிரச்சினை பற்றி அவர் பிற்பாடு எடுத்த நிலைப்பாடுகளில் எல்லாம் இந்த அனுபவத்தின் நிழல் இருக்கும்.

நெசவுப் பிரிவுக்குள் ஏன் விடவில்லை?

1920-களில் பம்பாய் மில்களில் ஒரு விசித்திரமான வழக்கம். தலித் தொழிலாளர்கள் நூற்புப் பிரிவில் வேலை செய்யலாம், நெசவுப் பிரிவில் கூடாது. காரணம் என்ன தெரியுமா? நெசவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். ஆக, ஒரே மில், ஒரே முதலாளி, ஆனால் சாதி பார்த்து வேலை பிரிக்கப்பட்டதால் கூலியும் சாதி பார்த்துப் பிரிந்தது. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வலியுறுத்தினார்.

நம்ம ஊர் தோல் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். பச்சைத் தோலைத் தூக்குவது, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவது, சதை சீவுவது, முன்பு ஆவாரம் பட்டைத் தொட்டி, இப்போது குரோம் டிரம். நாற்றமும் ரசாயனமும் அதிகம் உள்ள ஈர வேலையில் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் நின்றவர்கள் தலித் தொழிலாளர்கள். உடம்புக்கு ஆபத்து அதிகமான வேலைக்குக் கூலி அதிகம் இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். அந்த வேலைக்கு வேறு வழியில்லாத ஆட்கள் எப்போதும் தயாராக இருந்தால் அந்த நியாயம் எடுபடாது. கூலியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட முடியாது என அம்பேத்கர் சொன்னதற்கு அடிப்படை இதுதான்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் இதையே விரிவாகப் பேசினார். கேங்மேன் வேலையில் சேர்ந்தவர் கடைசி வரை கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார், பதவி உயர்வு எட்டுவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். பிராமணியம், முதலாளித்துவம் என இரண்டையும் தொழிலாளியின் எதிரிகளாக அவர் அடையாளப்படுத்தியதும் அந்த மேடையில்தான்.

பிரசவ கால ஊதியம்: 1928-லேயே ஒரு கணக்கு

இப்போது ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவுக்குள் போனால் வரிசை வரிசையாகப் பெண்கள்தான். அவர்களுக்கான பிரசவ கால ஊதியம் பற்றிய விவாதம் பம்பாய் சட்ட சபைக்கு 1928-ல் வந்தது. அம்பேத்கர் அப்போது நியமன உறுப்பினர். மசோதா அவர் கொண்டு வந்தது அல்ல. ஆனால் அதை ஆதரித்து அவர் வைத்த வாதம் முக்கியமானது.

பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சம்பந்தப்பட்டது, எனவே அரசும் செலவில் பங்கெடுக்க வேண்டும் என்றார். அதே சமயம், பெண்களை வேலைக்கு வைப்பதால் முதலாளிக்குத் தனி ஆதாயம் இருக்கிறது, ஆதாயம் பார்ப்பவர் செலவிலும் ஒரு பங்கை ஏற்பதே நியாயம் என்றார். அடுத்த ஆண்டே பம்பாயில் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் மெட்ராஸ் மாகாணமும் தனிச் சட்டம் போட்டது.

சலுகை என்றால் யார் பணம் கொடுப்பது, எந்த அளவுக்கு, ஏன் என்று பிரித்துக் கணக்குப் போடும் இந்தப் பழக்கம்தான் பிற்பாடு இ.எஸ்.ஐ. திட்டத்தின் முதுகெலும்பாக ஆனது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 பம்பாய் தேர்தலில் அந்தக் கட்சி 10-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. 1938-ல் வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து நவம்பர் 7-ல் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942: டெல்லியில் தொழிலாளர் துறை

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் மத்திய தொழிலாளர் அமைச்சர். 1946 வரை அந்தப் பதவி.

போர்க் காலம் என்பதால் ஆலைகள் இரவு பகலாக ஓடின. ராணுவ பூட்ஸுக்கும் சேணத்துக்கும் தோல் வேண்டும். உற்பத்தி ஏறியது, விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. தொழிலாளி கையில் அதே கூலி.

அந்த ஆகஸ்டிலேயே அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்காரும் முத்தரப்பு மாநாடு டெல்லியில் கூடியது. அதன் நிலைக்குழுவும் அமைந்தது. இன்றைக்கும் சம்பளப் பேச்சு என்றால் முத்தரப்புப் பேச்சு என்கிறோமே, அது ஒரு நிரந்தர ஏற்பாடாக வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

இனி சம்பள ஸ்லிப்பின் வரிகளுக்கு ஒவ்வொன்றாக வருவோம்.

வரி 1: பேசிக். இதற்குக் கீழே போகக் கூடாது

சங்கம் இல்லாத, பேரம் பேசும் பலம் இல்லாத தொழில்களில் கூலியைச் சட்டம்தான் நிர்ணயிக்க வேண்டும் என்ற யோசனை 1931-ல் ராயல் கமிஷன் அறிக்கையிலேயே இருந்தது. கட்டுப்பாடே இல்லாத ஆலைகள் என்று அது பேசிய தொழில்களில் பீடி, கம்பளம், மைக்கா, தோல் பதனிடுதல் ஆகியவை உண்டு. ஆனால் யோசனை காகிதத்திலேயே கிடந்தது.

அம்பேத்கர் முதலில் செய்தது தகவல் திரட்டுவது. 1944-ல் டி.வி.ரெகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தொழில் வாரியாகக் கூலி, வேலை நேரம், வீடு, கடன் என எல்லாவற்றையும் அது விசாரித்தது. தோல் பதனிடும் ஆலைகளுக்கும் தோல் பொருள் ஆலைகளுக்கும் என்று தனி அறிக்கையே 1946-ல் வந்தது.

1946 ஏப்ரல் 11-ல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்ட சபையில் அம்பேத்கர் அறிமுகம் செய்தார். சில வாரங்களில் அவர் பதவிக் காலம் முடிந்துவிட்டது. அடுத்து தொழிலாளர் அமைச்சரான ஜகஜீவன் ராம் காலத்தில், 1948-ல் அது சட்டமானது.

சட்டத்தின் பின்னிணைப்பில் 12 தொழில்கள் பட்டியலிடப்பட்டன. மூன்றாவது, பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழில். பன்னிரண்டாவது, தோல் பதனிடுதல் மற்றும் தோல் பொருள் தொழில். அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நடந்த இரண்டு தொழில்களுமே அந்த முதல் பட்டியலில் இருந்தன!

கூலியை யார் நிர்ணயிப்பது? முதலாளி, தொழிலாளி தரப்புகளுக்குச் சம எண்ணிக்கையில் இடம், கூடவே மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் சுயேச்சை நபர்கள் கொண்ட குழு. 5 ஆண்டுக்குள் ஒரு தடவை மறுபரிசீலனை. இதுதான் அமைப்பு.

எவ்வளவு என்று கணக்கிடுவது எப்படி? அதற்கான சூத்திரம் 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் வந்தது. அம்பேத்கர் மறைந்த மறு ஆண்டு. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகுகள், ஒரு அலகுக்கு 2,700 கலோரி உணவு, ஆளுக்கு வருஷத்துக்கு 18 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்குக்கு 20 சதவீதம். 1991-ல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கு கிளம்பியது சென்னை ஆலையில் இருந்து.

வரி 2: டி.ஏ. விலை ஏறினால் கூலியும் ஏறணும்

ரூபாயின் மதிப்பு பற்றி ஆய்வு செய்த மனிதர் என்று மேலே சொன்னோம் இல்லையா? கூலி ரூபாயில் அப்படியே இருந்து அரிசி விலை இரட்டிப்பானால், கூலி பாதியாகக் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இதைச் சரிக்கட்டத்தான் பஞ்சப்படி என்கிற டி.ஏ.

ஆனால் விலை எவ்வளவு ஏறியது என்று யார் சொல்வது? அதற்கு நம்பகமான வாழ்க்கைச் செலவுக் குறியீட்டு எண் வேண்டும். போர் ஆண்டுகளில் தொழிலாளர் துறை அந்த எண்ணைத் தொகுக்கும் பணியை மத்திய அளவில் ஒழுங்குபடுத்தியது. அந்த அமைப்பும் புள்ளிவிவரப் பிரிவும் சேர்ந்துதான் 1946 அக்டோபரில் சிம்லாவில் தொழிலாளர் செயலகம், அதாவது லேபர் பீரோ ஆனது.

1948 சட்டத்திலும், கூலி என்பது அடிப்படைத் தொகையோடு வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப மாறும் சிறப்புப் படியும் சேர்ந்தது என்று எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் டி.ஏ., சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறுவது இதன் தொடர்ச்சி.

வரி 3: வேலை நேரமும் விடுமுறையும்

இங்கே ஒரு தப்பான தகவலைச் சரிசெய்தாக வேண்டும். 14 மணி நேர வேலையை அம்பேத்கர் ஒரே கையெழுத்தில் 8 மணி நேரம் ஆக்கினார் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். நடந்தது அப்படி இல்லை.

1934 சட்டப்படி ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளில் உச்சவரம்பு வாரம் 54 மணி நேரம். 1946-ல் அவர் கொண்டு வந்த திருத்தம் அதை 48 ஆக்கியது. வாரம் 6 நாள் என்று வகுத்தால் நாளைக்கு 8 மணி நேரம். கேட்க 6 மணி நேரம்தானே என்று தோன்றலாம். சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் நிற்பவருக்கு வாரத்தில் 6 மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

1945-ல் வந்த இன்னொரு திருத்தம், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 10 நாள் ஊதியத்தோடு விடுமுறை தந்தது. வேலை செய்யாத நாளுக்கும் காசு என்பது அன்றைய முதலாளிகள் பலருக்குப் புதுசு.

வரி 4: இ.எஸ்.ஐ. காய்ச்சல் வந்தால் கூலி போகக் கூடாது

தினக்கூலிக்காரர் வீட்டில் நோய் வந்தால் இரண்டு அடி. வைத்தியச் செலவு ஒண்ணு, வேலைக்குப் போகாததால் போகும் கூலி இன்னொண்ணு. இரண்டையும் தாங்க ஒரே வழி கந்துவட்டிக் கடன்.

1943-ல் பேராசிரியர் பி.பி.அடர்கர் என்ற பொருளாதார அறிஞரிடம், ஆலைத் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் வேலையை அம்பேத்கரின் துறை ஒப்படைத்தது. 1944 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் இருவர் அதைப் பரிசீலித்தார்கள். 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். அடர்கர் திட்டம் துணி, பொறியியல், கனிமம்-உலோகம் என மூன்று தொழில்களோடுதான் ஆரம்பிக்கச் சொன்னது. சட்டம் அதை விரிவாக்கியது.

எப்படி வேலை செய்கிறது? இன்றைய விகிதத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளிக்குப் பிடித்தம் சுமார் 113 ரூபாய், நிறுவனம் போடுவது சுமார் 488 ரூபாய். இதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு மருத்துவம், நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம், பெண்களுக்கு 26 வாரப் பிரசவ ஊதியம். வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும் தோல் தொழிலாளி யாரிடமும் இலவசம் கேட்டுப் போகவில்லை. தன் கூலியில் இருந்து கட்டிய காசுக்குரிய உரிமையைக் கேட்டுப் போகிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பிரசவ ஊதியத்தை அந்தந்த முதலாளியே தன் கையில் இருந்து கொடுக்க வேண்டும் என்றால், பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். எல்லா ஆலைகளும் ஒரு பொது நிதியில் கட்டினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

சரி, பி.எஃப்.? அதையும் அம்பேத்கர் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. ஆனால் பி.எஃப். அவசரச் சட்டமாக வந்தது 1951 நவம்பரில், சட்டமானது 1952-ல். அம்பேத்கர் அப்போது அமைச்சரவையிலேயே இல்லை. போனஸ் சட்டம் 1965, கிராஜுவிட்டி சட்டம் 1972. அவை வேறு பலரின் உழைப்பு.

ஸ்லிப்பில் ஏறாத வரி

அம்பேத்கர் கொண்டு வந்து நிறைவேறாமல் போன மசோதா ஒன்று உண்டு. 1943 நவம்பரில் வந்த தொழிற்சங்கத் திருத்த மசோதா. தகுதியுள்ள சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரித்துப் பேச வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக்கு நடுவே அது அப்படியே காலாவதியானது.

சம்பள அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை என்றால் என்ன பயன்? குறைந்தபட்சக் கூலி அரசாணையில் இருக்கும், கையில் வருவது வேறாக இருக்கும். இதைக் கேட்கும் குரலுக்குச் சட்டப் பலம் கொடுக்கத்தான் அந்த மசோதா. 2024-ல் இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, மையக் கோரிக்கை என்ன? எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. போர்க் கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை 1943-ல் அரசு தளர்த்தியது. அந்தத் துறை அம்பேத்கரிடம்தான் இருந்தது. கடும் எதிர்ப்பு வந்தது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் அமலானது. அதே காலத்தில் தன்பாத் சுரங்கங்களுக்கு நேரில் போனார், 1944-ல் நிலக்கரித் தொழிலாளர் நலநிதி உருவானது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நான்கு ஆண்டுகள்.

சாசனத்தில் ஏறிய கூலி

1947 ஆகஸ்டில் அரசியல் சாசன வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். தொழிலாளர் துறையில் பாதியில் விட்டுவந்த பல விஷயங்கள் அங்கே இடம்பிடித்தன. பிரிவு 42 நியாயமான வேலைச் சூழலையும் பிரசவ கால நிவாரணத்தையும் பேசுகிறது. பிரிவு 43 வாழ்வதற்கேற்ற ஊதியத்தைப் பேசுகிறது. சம வேலைக்குச் சம ஊதியம் பிரிவு 39-ல் இருக்கிறது.

பிரிவு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியது.

1951-ல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-ல் டெல்லியில் காலமானார்.

இன்றைக்கு ராணிப்பேட்டையில் என்ன நிலை?

2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டு வந்தது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அதற்குள் கரைந்துவிட்டது. பட்டியல் தொழில்கள் என்ற பிரிவு போய், எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது புதிய ஏற்பாடு. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையாமல் கணக்கிடப்பட வேண்டும். 51 சதவீத உறுப்பினர்கள் உள்ள சங்கத்தோடு நிறுவனம் பேசியாக வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. 1943-ல் காலாவதியான யோசனை 82 ஆண்டு கழித்து வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. வேறு பல பிரிவுகள் தொழிலாளர் உரிமையைக் குறைப்பதாக மத்திய தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன.

ஆனால் சம்பள ஸ்லிப்பே இல்லாதவர்களுக்கு? ஆம்பூர் சுற்று வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. கொண்டு வந்து கொடுப்பவர் இடைத்தரகர். எந்த கம்பெனிக்காகத் தைக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. டி.ஏ. கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். இன்றைக்கு ஈர வேலைக்கு வருவது யார் என்பதை அந்த விபத்து காட்டிவிட்டது. வேறு வழியில்லாத புது ஆட்கள்.

நெசவுப் பிரிவின் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று 1928-ல் அம்பேத்கர் கேட்டார். கூலியைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்று 1946-ல் மசோதா கொண்டு வந்தார். அடுத்த தடவை சம்பள ஸ்லிப் கைக்கு வந்தால், கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள வரிகளையும் ஒரு தடவை படித்துப் பாருங்க. பேசிக் உங்கள் தொழிலுக்கான அரசாணையில் உள்ள தொகைக்குக் குறையாமல் இருக்கிறதா? ஏப்ரலில் டி.ஏ. மாறியதா? பிடித்த இ.எஸ்.ஐ. உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா? பக்கத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கு ஸ்லிப் கொடுக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்க.